மூல இந்தோ-ஐரோப்பியப் பெயர் விகுதிகள்: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

சமஸ்கிருதமோ கிரேக்கமோ லத்தீனோ, ஒரு சொல்லின் பிறப்பைத் தேடி அகராதியைத் திறந்தால் முதலில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், அது இந்த மொழிகளுக்கெல்லாம் பொது மூதாதையான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் வடிவம் என்பதற்கான அடையாளம். பிறகு ஒரு வேர், ஒரு சிறு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் 'தி' என்றோ 'மென்' என்றோ ஒரு துண்டு. வேரைப் பற்றிப் பாடநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும். அந்தத் துண்டு என்ன என்று கேட்டால் நீளமான விகுதிப் பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நான் திண்டாடியது அந்தப் பட்டியலில்தான். தமிழ் நன்றாகத் தெரிந்து, சமஸ்கிருதம் எழுத்துக்கூட்டும் அளவுக்கு மட்டும் தெரிந்த ஒருவர் எந்த வரிசையில் போனால் மூச்சு முட்டாது என்று இங்கே எழுதுகிறேன். வரலாற்றுக்குள் போகவில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விகுதியைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். நம் வாயில் தினமும் புழங்கும் ஒரு சொல்லோடு சேர்த்துப் பிடியுங்கள். வடமொழி வழியாக வந்த சொற்களும் ஆங்கிலம் வழியாக வந்த கிரேக்க, லத்தீன் சொற்களும் தமிழில் நிறைய இருப்பதால், முக்கியமான விகுதிகள் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த சொற்களிலேயே இருக்கின்றன.

1. கையில் வேண்டியவை, ஆகும் செலவு

தொடக்கத்தில் பணம் எதுவும் செலவழிக்க வேண்டாம். மோனியர்-வில்லியம்ஸின் சமஸ்கிருத-ஆங்கில அகராதி (1899) கொலோன் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லின் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதை அது குறித்துக் காட்டும். ஐந்தாம் படியில் அது கட்டாயம் தேவைப்படும். விட்னியின் சமஸ்கிருத இலக்கணம் (இரண்டாம் பதிப்பு 1889) காப்புரிமை முடிந்த நூல், அதுவும் இலவசம். சொல்லாக்கத்தைப் பேசும் பதினேழாம் அத்தியாயம் மட்டும் இப்போதைக்குப் போதும். டெக்சஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டின், பழைய இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கு இணையப் பாடங்கள் வைத்திருக்கிறது. அவற்றுக்கும் கட்டணம் இல்லை.

காசு கொடுத்து வாங்க ஒரே ஒரு புத்தகம் என்றால் இந்தோ-ஐரோப்பிய மொழிகளைப் பற்றிய ஃபார்ட்சனின் அறிமுக நூலின் இரண்டாம் பதிப்பைச் சொல்வேன் (2010). பெயர்ச்சொல் பற்றிய அத்தியாயம் தெளிவாக இருக்கும். லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் லைடனிலிருந்து வந்த பெரிய சொற்பிறப்பு அகராதிகள் விலை மிக அதிகமானவை. தொடக்க நிலையில் அவற்றை வாங்கவே வாங்காதீர்கள், பல்கலைக்கழக நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கவனம்: இலவசமாகக் கிடைக்கிறதே என்று போகோர்னியின் இந்தோ-ஐரோப்பியச் சொற்பிறப்பு அகராதியில் (1959) தொடங்கிவிடாதீர்கள். தகவல் ஏராளம். ஆனால் அடுத்த படியில் சொல்லப்போகும் குரல்வளை ஒலிகள் அதில் கிடையாது. அதில் பழகிய கண்ணுக்குப் புதிய நூல்களின் வடிவங்கள் வேறு மொழி மாதிரி தெரியும்.

2. எழுத்தை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்

நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வடிவம் எங்கும் எழுதிவைக்கப்பட்டதல்ல, ஒப்பிட்டு மீட்டெடுத்தது. மூல மொழிக்கு எழுத்துச் சான்று எதுவுமே இல்லை. அதனால் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் நட்சத்திரம் உண்டு.

ஸ்லோகப் புத்தகங்களில் க, த, ப எழுத்துகளோடு 2, 3, 4 என்று எண் போடுவார்களே, அந்த முறை இங்கே கைகொடுக்கும். த³ என்றால் 'தானம்' சொல்லின் தொடக்க ஒலி, த⁴ என்றால் 'தர்மம்' சொல்லின் தொடக்க ஒலி. ஹ₁, ஹ₂, ஹ₃ என்று கீழே எண் போட்டவை குரல்வளை ஒலிகள். இவை பிற்கால மொழிகளில் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மறையும்போது பக்கத்து உயிரை நீட்டிவிட்டோ நிறம் மாற்றிவிட்டோ போயின.

உயிரெழுத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மூல மொழியில் குறில் எ, குறில் ஒ இரண்டும் உண்டு. சமஸ்கிருதத்தில் இரண்டும் அகரமாகிவிட்டன. தமிழ் எழுத்தில் இரண்டையும் அப்படியே எழுதலாம்.

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பின்னால் எல்லாமே குழம்பும்.

3. சொல்லை மூன்றாக வெட்டுங்கள்

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்கு இது புதிதல்ல. வேர், விகுதி, வேற்றுமை முடிவு என்று மூன்று துண்டு. நடுத்துண்டுதான் நம் விஷயம். வேர் ஒரு செயலைச் சொல்லும். அந்தச் செயலிலிருந்து செய்பவனை எடுப்பதா, செயலின் பெயரை எடுப்பதா, கருவியை எடுப்பதா என்பதை விகுதி முடிவு செய்யும்.

*மென்- என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். 'எண்ணு, நினை' என்று பொருள். *மென்-ஒஸ் என்றால் எண்ணம், உள்ளம். அதுதான் சமஸ்கிருத மனஸ், நம் மனசு. *மென்-த்ரொ- என்பது எண்ணுவதற்கான கருவி, அதாவது மந்திரம். *ம்ன்-தி- எண்ணும் செயல், அறிவு என்ற பொருளில் வரும் மதி. *ம்ன்-தொ- எண்ணப்பட்டது, கருதப்பட்டது. அதுதான் மத. மதம், சம்மதம் இரண்டும் அதிலிருந்து. எண்ணுபவர் சமஸ்கிருதத்தில் மந்தர். கிரேக்கக் காவியத்தில் வரும் மென்தோர் என்ற பெயரையும் இதோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஆங்கிலம் வழியாக அது நம்மிடம் 'மென்ட்டர்' ஆகியிருக்கிறது.

ஒரே வேர், ஐந்து விகுதி, ஐந்து வேலை. இதை நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதும்போது ஒன்று கண்ணில் படும்: மனஸ், மந்த்ர இரண்டிலும் ன் இருக்கிறது, மதியில் இல்லை. ன் எங்கும் போகவில்லை. வேரின் எகரம் விழுந்ததும் ன் தானே உயிர் போல ஒலித்தது. அந்த ஒலி சமஸ்கிருதத்தில் அகரமானது, லத்தீனில் 'என்' ஆனது (மென்தி- என்ற அடி), லிதுவேனியத்தில் 'இன்' ஆனது (மின்திஸ்). ஆகவே எந்த விகுதியை எழுதினாலும் பக்கத்திலேயே வேர் எந்தப் படியில் நிற்கிறது என்றும் குறியுங்கள்: வேரில் எ நின்றால் எ-படி, ஒ நின்றால் ஒ-படி, உயிர் விழுந்தால் வெறும்படி. விகுதியும் படியும் சேர்ந்துதான் ஒரு பாடம்.

4. முதல் ஐந்து விகுதிகள்

ஒன்றுக்கு ஒரு வாரம் போதும். வரிசையை மாற்ற வேண்டாம்.

-தெர்-, -தோர்: செய்பவர். சமஸ்கிருதக் கர்த்தா, நேதா. லத்தீன் வழியாக டாக்டர், டைரக்டர், ஆக்டர், மோட்டார். வேர் பொதுவாக எ-படி.

கவனம்: பிதா, மாதா, பிராதா, துகிதா ஆகிய உறவுப் பெயர்களிலும் 'தர்' தெரியும். 'காப்பவன் ஆதலால் பிதா' என்ற பழைய விளக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். உறவுப் பெயர்களை வேர், விகுதி என்று பிரிப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சகோதரியைக் குறிக்கும் மூலச் சொல்லில் 'த்' என்ற ஒலியே கிடையாது.

-தி-: செயல். கதி, ஸ்திதி, முக்தி, யுக்தி, சுருதி. கிரேக்கத்தில் 'தி' பல இடங்களில் 'சி' ஆனதால் ஸ்தசிஸ், பசிஸ், லுசிஸ். நம் ஊர் டயாலிசிஸ், அனாலிசிஸ் இரண்டிலும் இருப்பது அந்த லுசிஸ். லத்தீன் இந்த விகுதியோடு இன்னொரு துண்டையும் ஒட்டி 'தியோ' ஆக்கிக்கொண்டது. ஆகவே ஸ்திதியும் ஸ்டேஷனும் ஒரே வேர், ஒரே விகுதி: *ஸ்த்ஹ₂-தி-, 'நில்' என்ற வேரிலிருந்து.

இங்கே வேர் வெறும்படியில் நிற்கும். யோகத்தில் ஓ, யுக்தியில் உ. மோசனத்தில் ஓ, முக்தியில் உ. பாணினியின் சமஸ்கிருத இலக்கணமான பாணினீயம் படித்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். பாணினி இந்த விகுதிக்கு வைத்த பெயர் 'க்தின்'. அதில் முன்னால் நிற்கும் க், வேருக்குக் குணம் (வேரின் இ, உ முறையே ஏ, ஓ ஆவது) வராது என்பதற்கான அடையாளம். குணம் வராது என்றால் வேர் வெறும்படி. ஒப்பிலக்கணக்காரர்கள் பல மொழிகளை அருகருகே வைத்துக் கண்டுகொண்ட விதியை, பாணினி ஒரே மொழிக்குள் இருந்துகொண்டு ஒற்றை எழுத்தில் குறித்துவிட்டார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

இதற்கு நெருங்கிய சொந்தம் -து-. ஹேது, தாது, சேது, லத்தீன் ஸ்ததுஸ். தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம், இதோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

-மென்-: செயலின் விளைவு, செய்து முடித்த பொருள். கர்மம், ஜன்மம், நாமம். எழுவாயில் விகுதியின் எகரம் விழுந்து 'ம்ன்' மட்டும் நிற்கும். சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் அது 'ம' ஆகும், லத்தீனில் 'மென்' ஆகும். நாமத்தில் ஒளிந்திருக்கும் ன்-ஐப் பார்க்க வங்கிப் படிவத்தில் உள்ள 'நாமினி' போதும். லத்தீன் நோமென், ஆறாம் வேற்றுமையில் நோமினிஸ், அதிலிருந்து வந்தது அது. கிரேக்கத்தில் டிராமா, கினேமா. கினேமா என்றால் அசைவு, நம் சினிமாவுக்கு அடி. கர்மாவின் 'மா'வும் சினிமாவின் 'மா'வும் ஒரே விகுதி. டிராமாட்டிக், சினிமாட்டோகிராபி ஆகியவற்றில் வரும் 'ட்' கிரேக்கம் பின்னால் சேர்த்துக்கொண்டது. அதை மூல மொழிக்குக் கொண்டுபோகக் கூடாது. லத்தீன் இதோடு -தொ- சேர்த்து 'மென்தும்' ஆக்கியது. டாக்குமெண்ட் அப்படி வந்தது.

-த்ரொ-, -த்லொ-, -த்⁴ரொ-, -த்⁴லொ-: கருவி, சில இடங்களில் செயல் நடக்கும் இடம். நான்கு வடிவமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மந்திரம், யந்திரம், வஸ்திரம், நேத்திரம், சாஸ்திரம். கிரேக்கத்தில் தெயாத்ரொன், பார்ப்பதற்கான இடம், அதுதான் தியேட்டர். ஏர் என்ற கருவிக்குக் கிரேக்கத்தில் அரொத்ரொன், லத்தீனில் அராத்ரும், பழைய அயர்லாந்து மொழியில் அரதர். மூன்றையும் வைத்து *ஹ₂எர்ஹ₃-த்ரொம் என்று மீட்டெடுக்கிறார்கள்.

பாத்திரத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 'குடி' என்ற வேர் *பெஹ₃-. லத்தீனில் குடிக்கும் கிண்ணம் போக்குலும். அது *பெஹ₃-த்லொம் என்பதிலிருந்து வருகிறது. சமஸ்கிருதத்தில் குடிக்கும் கலம் பாத்ர. பார்த்தால் -த்ரொ- மாதிரி இருக்கும். ஆனால் பழைய லகரம் வேத மொழியில் பெரும்பாலும் ரகரமாகிவிட்டதால், பாத்ர என்ற வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு -த்ரொ- என்றோ -த்லொ- என்றோ தீர்ப்பு சொல்ல முடியாது. லத்தீனைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒரே ஒரு மொழியை வைத்து விகுதியை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

-எஸ்-, -ஒஸ்: அஃறிணைப் பெயர். மனஸ், தபஸ், தேஜஸ், நபஸ், வயஸ். தமிழில் மனசு, வயசு என்று சு-வில் முடிவது இந்த ஸ்-ஆல்தான். கிரேக்கத்தில் கெனொஸ், லத்தீனில் கெனுஸ், சமஸ்கிருதத்தில் ஜனஸ், மூன்றும் ஒன்றே. வேர் எ-படி, அழுத்தம் வேர் மேல்.

லத்தீனில் இரண்டு உயிருக்கு நடுவே ஸ் வந்தால் ர் ஆகிவிடும். அதனால் கெனுஸ், ஆறாம் வேற்றுமையில் கெனெரிஸ். ஆஸ்பத்திரி ஜெனரல் வார்டில் உள்ள ர் இந்த ஸ்-தான்.

கவனம்: புதியவர்கள் அதிகமாக வழுக்கும் இடம் இது. லத்தீனில் கெனுஸ், தொமினுஸ், ஸ்ததுஸ் மூன்றும் 'உஸ்' என்றே முடியும். விகுதிகளோ வேறு வேறு. ஆறாம் வேற்றுமையைப் பாருங்கள்: கெனெரிஸ், தொமினீ, ஸ்ததூஸ். முதலாவது ஸ்-விகுதி, இரண்டாவது ஒ-விகுதி, மூன்றாவது -து-. அகராதியில் எழுவாயை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பாதி வேலை வீண். ஆறாம் வேற்றுமையையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை முதல் நாளே பிடியுங்கள்.

5. அழுத்தத்தை விட்டுவிடாதீர்கள்

-ஒ- என்ற விகுதி ஒற்றை உயிர்தான். ஆனால் அழுத்தம் இடம் மாறினால் வேலையும் மாறும். கிரேக்கத்தில் தொமொஸ்: முதல் அசையில் அழுத்தம் விழுந்தால் 'வெட்டிய துண்டு', கடைசி அசையில் விழுந்தால் 'வெட்டுகிற, கூரான'. சமஸ்கிருதத்தில் வர: முதல் அசை அழுத்தமானால் 'தேர்வு, விருப்பம்', கடைசி அசையானால் 'பெண் கேட்டு வருபவன்'. தமிழில் அழுத்தம் போய்விட்டது. ஆனால் வேறுபாடு ஈற்றில் நிற்கிறது, வரம் என்றும் வரன் என்றும். செயலுக்கு முன் அழுத்தம், செய்பவனுக்குப் பின் அழுத்தம் என்று நினைவில் வைக்க இந்த ஜோடி போதும்.

அழுத்தத்துக்கு நம்பத்தக்க சாட்சிகள் வேத மொழியும் கிரேக்கமும்தான் முதலில். லத்தீனிடம் இதைக் கேட்டுப் பயனில்லை, அதன் அழுத்தம் பின்னால் வந்த விதிப்படி விழுகிறது.

6. பெயர் மேல் ஏறும் விகுதிகள்

இதுவரை பார்த்தவை வேரோடு ஒட்டுபவை, வடமொழி இலக்கணத்தில் கிருத். ஏற்கெனவே உள்ள பெயரோடு ஒட்டுபவை தத்திதம். முதல் சுற்றில் ஒன்றிரண்டு போதும். -வெந்த்-, 'உடைய': பகவான், தனவந்தன், குணவதி. கிரேக்கத்திலும் இது உண்டு. ஸ்ரீமான், ஸ்ரீமதி, புத்திமான் ஆகியவற்றில் வருவது இதன் ஜோடியான 'மந்த்'. மற்றவை அகராதி புரட்டும்போது தானாகப் பழகிவிடும்.

7. விகுதி பழசு, சொல்லும் பழசா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். -த்ரொ- மூல மொழியில் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அதற்காக 'யந்த்ர' என்ற சொல்லும் மூல மொழியில் இருந்தது என்று ஆகாது. சமஸ்கிருதத்தில் இந்த விகுதி உயிரோடு இருந்தது, எந்த வேரோடும் ஒட்டிப் புதுச் சொல் செய்ய முடிந்தது. லத்தீனில் 'தோர்' அப்படித்தான் ஓயாமல் வேலை பார்த்தது.

ஒரு சொல்லுக்கு நட்சத்திரம் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்றுக்கொன்று ஒட்டி வளராத கிளைகளில், அதாவது வேத மொழியும் ஈரானியமும் மட்டும் என்று இல்லாமல், இன்னும் இரண்டு கிளையிலாவது அதே வேர், அதே விகுதியோடு கிடைக்கிறதா? வேரின் படியும் ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு மொழியும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டா? கெனொஸ், கெனுஸ், ஜனஸ் என்ற தொகுதி மூன்று கேள்வியிலும் தேறும். யந்த்ர முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும்.

தமிழரான நமக்கென்று இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தமிழுக்குச் சொந்தமான தொழிற்பெயர் விகுதிகள் உண்டு. தமிழ் இலக்கண நூல்கள் தரும் வரிசையில் தல், அல், அம், ஐ, கை, வை என்று போய்த் 'தி'யும் வரும்: மறதி, கெடுதி. மதியின் தி-யும் மறதியின் தி-யும் ஓசையில் ஒன்று, வேலையிலும் நெருக்கம். ஆனால் உறவு எதுவும் இல்லை. மறதி என்பது 'மற' என்ற தமிழ் வினையிலிருந்து தமிழ் விகுதியால் ஆனது. அதே மாதிரி அராத்ரும் என்ற லத்தீன் சொல்லைப் பார்த்ததும் நம் ஏர் நினைவுக்கு வரும். ஓசை ஒற்றுமையை மட்டும் வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். ஒலி மாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அது இல்லாவிட்டால் ஒற்றுமை தற்செயல்தான்.

8. இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள்

மேம்பட்ட நூல்கள், அழுத்தம் வேர், விகுதி, முடிவு ஆகிய மூன்றில் எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது என்பதை வைத்துப் பெயர்களை வகை பிரிக்கும். முதல் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். ஐந்து விகுதியும் படியும் கைக்கு வந்த பிறகு படித்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். முன்னால் படித்தால் பெயர்கள் மட்டும்தான் மனத்தில் தங்கும்.

ர்-ன் மாறும் பெயர்களும் அப்படியே. கல்லீரலுக்குச் சமஸ்கிருதத்தில் யக்ருத், ஆறாம் வேற்றுமையில் யக்னஸ். ஒன்றில் ர், மற்றதில் ன். கிரேக்கத்தில் ஹேபர், ஹேபதொஸ். ஹெபடைட்டிஸ் அதிலிருந்துதான். இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய பழைய இந்தோ-ஐரோப்பிய மொழியான ஹித்தைத்து மொழியில் நீருக்கு வாதர், ஆறாம் வேற்றுமையில் வெதெனஸ். அழகான வகை, பழமையான வகை. ஆனால் இதிலிருந்து புதுச் சொல் பிறப்பது அருகிவிட்டதால் தொடக்கத்தில் உங்களுக்குப் பயன் குறைவு.

9. கால அளவும் அடுத்த படியும்

தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் எழுத்துக்கு ஒரு வாரம், மூன்றாம் படிக்கு ஒரு வாரம், ஐந்து விகுதிக்கு ஐந்து வாரம், மற்றவற்றுக்கு இரண்டு மூன்று வாரம். இரண்டரை மாதத்தில் ஒரு சொற்பிறப்புப் பதிவைத் திறந்து, நடுத்துண்டு என்ன செய்கிறது என்று யாரையும் கேட்காமல் சொல்ல முடியும்.

அதற்குப் பிறகு ஜெர்மன் தேவைப்படும். வினை வேர்களுக்கான அகராதி (இரண்டாம் பதிப்பு 2001), பெயர்ச்சொற்களுக்கான அகராதி (2008) இரண்டும் ஜெர்மனில்தான் இருக்கின்றன. இரண்டாவது நமக்கு நேரடியாக வேண்டியது. ஒரு வேரின் கீழ் எந்த விகுதியோடு எந்தப் பெயர் எந்த மொழியில் கிடைக்கிறது என்று சான்றுகளோடு பிரித்துக் கொடுக்கும். பேச்சு ஜெர்மன் வேண்டியதில்லை. வேற்றுமை, சுருக்கக் குறிகள், கொஞ்சம் கலைச்சொற்கள் இருந்தால் பதிவுகளைப் படித்துவிடலாம். சுருக்கக் குறிகளின் பட்டியல் நூலின் முன்பக்கங்களில் இருக்கும். முதலில் அதை நகலெடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த *மென்- வேரின் பதிவிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.